பட்டம் விடத் தெரிந்தால் போதாது

நமது சங்கத்துப் பிள்ளைகள் சிலரிடம் இப்போது 'இழுவைப் பட்டம்' காணப்படுகிறது. என் பேரனும் ஒன்று வாங்கி வந்தான். 3 சதுர மீட்டர் துணி. குச்சியே கிடையாது, அறை அறையாகக் காற்றை நிரப்பிக்கொண்டு நிற்கும். களமசேரியில் எங்கள் வீட்டருகே அது சரியாக ஏறவில்லை. கட்டடங்களையும் தென்னைகளையும் தாண்டி வரும் காற்று சுழித்துக்கொண்டு வருவதால் குத்திக் குத்தி விழுந்தது. ஆகவே ஃபோர்ட் கொச்சி கடற்கரைக்குப் போனோம்.

அங்கே கடற்காற்று தடையின்றி வந்தது. நன்றாகத்தான் பறந்தது. திடீரென்று ஒரு வீச்சு. பையன் பயந்து கைக்கோலை நெஞ்சோடு இழுத்துப் பிடித்தான். பட்டம் குறுக்கே பாய்ந்தது. பத்தடி தூரம் மணலில் குப்புற இழுபட்டான். "விடுடா!" என்று நான் கத்தியும் விடவில்லை. முழங்கால் இரண்டும் சிராய்ப்பு.

வீட்டிற்கு வந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 15 கி.மீ. காற்றில் அசையாமல் நிற்கும் இந்தப் பட்டம் சுமார் இரண்டரை கிலோ இழுக்கும், 30 கி.மீ.யில் 10 கிலோ. அதே பட்டம் காற்றைப்போல் மும்மடங்கு வேகத்தில் குறுக்கே பாய்ந்தால் ஒன்பது மடங்கு, அதாவது 90 கிலோ! பையனின் எடையே 52 கிலோதான்.

ஆகவே காற்று வலுக்கும்போது பட்டத்தை நமக்கு நேர் எதிரே பாயவிடக் கூடாது. பக்கவாட்டில், ஓரத்தில், தாழ்வாக நிறுத்த வேண்டும். அங்கே இழுவை குறைவு. தலைக்கு மேலும் இழுவை குறைவுதான், ஆனால் வீச்சு வந்தால் ஆளையே தூக்கும். பட்டத்தை நோக்கி நாலடி நடந்தாலும் இழுவை தளரும். காற்று ஓய்ந்தால் பின்னால் நடந்து கயிற்றை விறைப்பாக்க வேண்டும்.

நம் பழைய காகிதப் பட்டத்திற்குச் சூத்திரம்தான் உயிர். யாழ்ப்பாணத்தில் அதை முச்சை என்பார்கள். முடிச்சைத் தலைப்பக்கம் நகர்த்தினால் பட்டம் காற்றுக்குச் சாய்ந்து இழுவை குறையும். வால்பக்கம் நகர்த்தினால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இழுக்கும், அதிகமானால் ஏறவே ஏறாது.

வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று பெரும் பட்டங்கள் ஏற்றுவது பிரசித்தம். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் இளைஞர் பலர் சேர்ந்து ஒரு பெரிய பட்டத்தின் கயிற்றைப் பிடித்திருந்தனர். பட்டம் வலுத்து எழும்பியதும் மற்றவர்கள் விட்டுவிட, ஒருவர் மட்டும் கயிற்றோடு மேலே போய்விட்டார். சிறு காயங்களோடு தப்பியது தெய்வாதீனம்.

மின்சார ரயில்களில் ஓட்டுநரின் கை கைப்பிடியிலிருந்து எடுபட்டால் பிரேக் தானே விழும் ஏற்பாடு உண்டு. இந்தப் பட்டத்திலும் அதே தத்துவம். மூன்றாவது கயிறு மணிக்கட்டுப் பட்டையில் இருக்கும். கைக்கோலை விட்டால் அது பட்டத்தின் பின்விளிம்பை இழுத்து மடக்கிவிடும். வேறு கயிறு எதையும் கையில் சுற்றக் கூடாது.

இப்போது பேரன் ஒவ்வொரு முறையும் பட்டத்தை ஏற்றியதும், முதல் வேலையாக ஒருமுறை கைக்கோலை விட்டுப் பார்க்கிறான்.