வதிவிட அனுமதி: புறப்படு முன்னரா, போய்ச் சேர்ந்த பின்னரா?

"இப்போதைக்கு விசிட் வீசாவில் போகட்டும், போன பின்னர் அங்கேயே மாற்றிக் கொள்ளலாம்." வெளிநாட்டு வேலைக்கு ஆயத்தமாகும் குடும்பங்களுக்கு அடிக்கடி சொல்லப்படும் வார்த்தை இது. சொல்பவர் பெரும்பாலும் கிராமத்துக்கு வந்து போகும் உப முகவர். சில வேளைகளில் அவர் ஏற்கெனவே டுபாயில் இருக்கும் உறவினராகவும் இருப்பார். இது முழுப் பொய்யன்று, முழு உண்மையுமன்று. பாதி உண்மையாக இருப்பதால்தான் பலர் இதை நம்புகின்றனர். எனவே இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்குவோம்.

மூன்று வேறு அனுமதிகள்

'வீசா' என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று அனுமதிகளைக் குறிப்பிடுகின்றோம். முதலாவது நுழைவு அனுமதி: ஒரு நாட்டின் வாசலைக் கடப்பதற்கானது. இரண்டாவது வேலை அனுமதி: குறிப்பிட்ட தொழில் வழங்குநரிடம் குறிப்பிட்ட வேலையைச் செய்வதற்கானது. மூன்றாவது வதிவிட அனுமதி: அந்நாட்டில் குறித்த காலம் சட்டப்படி வாழ்வதற்கானது.

வதிவிட அனுமதி பெரும்பாலும் போய்ச் சேர்ந்த பின்னரே கையில் கிடைக்கும். ஆனால் அது கிடைக்குமா, கிடைக்காதா என்பது பெரும்பாலும் புறப்படு முன்னரே தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது. எந்த நுழைவு அனுமதியுடன் விமானம் ஏறினோம் என்பதே அதைத் தீர்மானிக்கின்றது.

தெரிவு யாருக்கு உண்டு?

ஜேர்மனியை எடுத்துக் கொள்வோம். ஐக்கிய அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், தென் கொரியா, இஸ்ரேல் ஆகிய நாடுகளின் பிரசைகள் வீசா இன்றி அங்கு சென்று, 90 நாட்களுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். முன்னரா பின்னரா என்பது அவர்களுக்கு உண்மையான தெரிவு. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு அத்தெரிவு இல்லை. படிப்போ, தொழிலோ, குடும்ப இணைவோ எதுவாயினும் உரிய நீண்டகால வீசாவை முதலில் பெற்றுக் கொண்டே செல்ல வேண்டும். சுற்றுலா வீசாவில் சென்று அங்கே மாற்றுவதற்குச் சட்டம் பொதுவாக இடமளிப்பதில்லை.

இத்தாலியிலும் இவ்வாறே. தொழில் வழங்குநர் முதலில் தமது நாட்டு அதிகாரிகளிடம் அனுமதி எடுக்க வேண்டும். அதனைக் கொண்டு தொழிலாளி இங்கிருந்து வீசாவைப் பெறுகின்றார். போய்ச் சேர்ந்து 8 வேலை நாட்களுக்குள், எம்மவர் 'பெர்மெஸ்ஸோ' என்று அழைக்கும் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் பின்னர்தான், ஆனால் அதற்கான அத்திவாரம் முன்னரே இடப்பட்டிருக்க வேண்டும்.

வளைகுடா நாடுகளில்

எமது கிராமங்களிலிருந்து கூடுதலானோர் செல்வது வளைகுடா நாடுகளுக்கே. அங்கு ஒரு நாட்டின் சட்டம் மற்றதற்குப் பொருந்தாது.

சவூதி அரேபியாவுக்கு வேலை வீசாவுடன் செல்பவருக்கு 90 நாட்களுக்குள் 'இக்காமா' எனும் வதிவிட அட்டையைத் தொழில் வழங்குநர் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதன் கட்டணமும் அவருடைய பொறுப்பே. கட்டார் நாடு 2018இல் கொழும்பில் தனது வீசா நிலையத்தைத் திறந்தது. அங்கு மருத்துவப் பரிசோதனை, கைவிரல் அடையாளம், ஒப்பந்தக் கையொப்பம் ஆகியன புறப்படு முன்னரே முடிகின்றன. சம்பளம் எவ்வளவு என்பதை நாட்டை விட்டுப் போகுமுன் வாசித்தறிய இது ஒரு நல்ல வாய்ப்பு.

ஓமானில் ஒரு காலத்தில் விசிட் வீசாவை உள்ளே இருந்தபடியே வேலை வீசாவாக மாற்ற முடிந்தது. 2023 ஒக்டோபர் இறுதியில் அந்நாடு அதை நிறுத்தியது. "போன வருடம் என் மச்சாள் அப்படித்தான் மாற்றினா" என்ற பேச்சை நம்பிச் செல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இது நல்ல உதாரணம். சட்டம் ஓரிரவில் மாறலாம். அப்படி மாறும்போது அகப்படுபவர் ஏற்கெனவே அங்கு போய் நிற்பவரே.

ஐக்கிய அரபு இராச்சியத்தில், அதாவது டுபாய், அபுதாபி முதலிய இடங்களில், நிலைமை வேறு. தொழில் வழங்குநர் எடுத்த நுழைவு அனுமதியுடன் செல்பவருக்கு, மருத்துவப் பரிசோதனை, அடையாள அட்டை முதலியவற்றை முடிக்க 60 நாட்கள் உண்டு. விசிட் வீசாவில் உள்ளே இருப்பவரும், தொழில் வழங்குநர் வேலை அனுமதி எடுத்துக் கொடுத்தால், கட்டணம் செலுத்தித் தமது நிலையை மாற்றிக் கொள்ளலாம். உப முகவர் சொல்வதில் உள்ள உண்மை இவ்வளவே. 'எடுத்துக் கொடுத்தால்' என்ற சொல்லில்தான் முழுச் சிக்கலும் தங்கியிருக்கின்றது.

இடைப்பட்ட காலம்

விசிட் வீசாவில் சென்ற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். விமான நிலையத்தில் அழைத்துச் செல்பவர் கடவுச்சீட்டை வாங்கிக் கொள்கின்றார். வேலை இன்னும் கிடைக்கவில்லை என்கிறார். அல்லது சொன்ன வேலைக்குப் பதிலாக வேறொன்று தரப்படுகின்றது. மறுத்தால் திரும்பிப் போகப் பணம் கட்டச் சொல்கின்றனர். இதற்கிடையில் வீசா முடிகின்றது. அதன் பின்னர் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் தண்டம். நூறு நாட்களானால் அது 5,000 திர்ஹம்.

விசிட் வீசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். ஆகவே சம்பளம் கிடைக்காவிட்டாலும் முறையிட அவர் அஞ்சுகின்றார். அனுமதியின்றி ஆட்களை வேலைக்கு வைத்திருப்போருக்கு 100,000 முதல் 1,000,000 திர்ஹம் வரை தண்டம் விதிக்க 2024இல் அந்நாடு சட்டத்தைத் திருத்தியது உண்மையே. ஆயினும் கடவுச்சீட்டும் காசும் இல்லாத ஒருத்தி அச்சட்டத்தின் வாசல் வரை எப்படிப் போவாள்?

2022இன் இறுதியில் ஓமானில் நடந்தவை பத்திரிகைகளில் வெளிவந்தன. சுற்றுலா வீசாவில் கொண்டு செல்லப்பட்ட எமது நாட்டுப் பெண்கள் பலர் தூதரகத்தின் பாதுகாப்பு இல்லத்தில் தஞ்சமடைந்திருந்தனர். ஆட்கடத்தல் பற்றிய விசாரணைகளும் நடந்தன. அங்கேயே மாற்றிக் கொள்ளலாம் என்ற வாக்குறுதி பலருக்கு அங்கேதான் முடிந்தது.

இந்தப் பக்கத்திலும் ஓர் இழப்பு உண்டு. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்து செல்பவருக்குக் காப்புறுதி உண்டு. அவரை அனுப்பிய முகவரை இங்கு கூப்பிட்டு விசாரிக்கலாம். விசிட் வீசாவில் சென்றவர் ஏட்டின்படி ஒரு சுற்றுலாப் பயணி. அவருக்கு ஒன்று நேர்ந்தால் குடும்பத்தினர் எங்கே போய் முறையிடுவது?

ஏன் இந்த வழி?

இவற்றை அறிந்தும் சிலர் இவ்வழியையே தேர்கின்றனர். அவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. பதிவுக்குரிய பயிற்சி, வயது, சிறு பிள்ளைகள் பற்றிய நிபந்தனைகள் ஆகியன நீண்ட நாட்களை எடுக்கின்றன. நுண்கடன் தவணை அதுவரை காத்திருப்பதில்லை. விசிட் வீசா சில நாட்களில் வந்து விடுகின்றது.

டுபாய்க்கு இவ்வாறு சென்று நல்ல வேலை பெற்றவர்களும் உளர். அவர்களுள் பலருக்குக் கல்வித் தகைமை இருந்தது. தங்க உறவினர் வீடு இருந்தது. திரும்பி வரச் சொந்தக் காசில் வாங்கிய டிக்கெட் இருந்தது. வேலை சரிவராவிட்டால் வீசா முடியுமுன் வீடு திரும்ப அவர்களால் முடிந்தது. நகையை ஈடுவைத்துச் செல்பவருக்கு அந்த வசதி இல்லை. இரு சாராரின் நிலையும் ஒன்றென நினைப்பதே தவறு.

புறப்படு முன் பார்க்க வேண்டியவை

1. நுழைவு அனுமதியில் என்ன எழுதப்பட்டிருக்கின்றது: வேலையா, சுற்றுலாவா? ஆங்கிலமோ அரபோ தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுத்து வாசியுங்கள்.

2. அதில் தொழில் வழங்குநரின் பெயர் உண்டா? ஒப்பந்தத்திலுள்ள பெயரும் அதுவும் ஒன்றா?

3. முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திர இலக்கம் உண்டா? பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் விசாரிக்கலாம். அனுமதிப்பத்திரமின்றி ஆட்களைச் சேர்ப்பது குற்றமாகும்.

4. மருத்துவப் பரிசோதனை இங்கேயே முடிந்ததா? அங்கு போய்ச் சில தொற்று நோய்கள் கண்டறியப்பட்டால் திருப்பி அனுப்பப்படுவர். கடன் மட்டுமே மிஞ்சும்.

5. கடவுச்சீட்டு, வீசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதிகள் வீட்டில் இருக்கின்றனவா?

பிரதேச செயலகங்களில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் உள்ளனர். முற்பணம் கொடுக்குமுன் அவர்களிடம் இப்பத்திரங்களைக் காட்டுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் தமது மாதாந்தக் கூட்டத்தில் அவ்வுத்தியோகத்தரை ஒரு முறை அழைத்துப் பேச வைக்கலாம். கிராமத்திலிருந்து சென்றவர்களின் பத்திரப் பிரதிகளைக் கோவைப்படுத்தி வைத்தால், ஆபத்து வேளையில் அது பேருதவியாகும். ஏற்கெனவே விசிட் வீசாவில் சென்றவர் இருப்பின், வீசா முடியும் திகதியை உடனே கேட்டறிந்து, தூதரகத்தின் தொழிற் பிரிவை நாடும்படி சொல்லுங்கள்.

முன்னரா பின்னரா என்ற கேள்விக்கு எமது விடை இதுவே: வதிவிட அட்டை பின்னர் வரட்டும், அதைப் பெறும் உரிமை முன்னரே கையில் இருக்க வேண்டும். இங்கே தாமதமாகும் மூன்று மாதங்கள் கடினமானவைதாம். ஆனால் அவற்றைச் சொந்த வீட்டில், சொந்தப் பிள்ளைகளோடு இருந்து கழிக்கலாம்.