யாரும் இறங்காத மலைநாடு

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் பேருந்து கிருஷ்ணகிரியைத் தாண்டும்போது பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். கண் விழித்தால் ஓசூர் ஆலைகளின் மதில்கள். கொஞ்ச நேரத்தில் அத்திப்பள்ளி, கர்நாடகம். நடுவில் ஒரு மலைநாடே கடந்து போயிருக்கும்.

நான் சொல்வேன், சூளகிரி பக்கம் இறங்குங்கள். மல்லசந்திரம் மலையில் ஏறினால் பாறை மேல் கல்திட்டைகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. நாலு பக்கமும் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல், ஒரு பலகையில் மட்டும் வட்டமான துளை. சுண்ணாம்பும் இல்லை, காரையும் இல்லை; கல்லின் கனத்திலேயே கல் நிற்கிறது. இறந்தவர்களுக்காக எழுப்பியவை இவை. பல சரிந்து கிடப்பதைப் பார்க்கையில் மனசு கனக்கிறது. கல்லோடு இரும்பும் உண்டு இங்கே: பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். 2025-ல் சிவகளை அகழாய்வு முடிவுகள் வரும்வரை தமிழ்நாட்டின் மிகப் பழைய இரும்பு இதுவாகத்தான் இருந்தது.

இந்த நாட்டுக்குப் பாராமகால் என்று பெயர். பன்னிரண்டு கோட்டைகளின் சீமை என்பார்கள். மொட்டைப் பாறையாக நிமிர்ந்து நிற்கும் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை 1791-ல் ஆங்கிலப் படை தாக்கியது, பிடிக்க முடியவில்லை. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் இந்தச் சீமையை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அதன்பின் கம்பெனி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளந்து பழகியதுதான், உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையாக வளர்ந்தது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் ராஜாஜி பிறந்த வீடு இன்று நினைவில்லம்.

ஓசூருக்கு ஆலைகள் வந்தது 1970-களில், சிப்காட் தொழிற்பேட்டையோடு. டிவிஎஸ் மொபெட், அசோக் லேலண்ட் லாரி, டைட்டன் கடிகாரம் என்று வரிசையாக வந்தன. ஆலையை விட்டுச் சற்றுத் தள்ளிப் போனால் பசுமைக்குடில்களில் ரோஜா. பிப்ரவரி 14-ஐ ஒட்டி வெளிநாடுகளுக்கு விமானம் ஏறும் பூ. இன்னும் கீழே கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்புகள். ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டிலும் கார் ஆலைகளுக்குப் பக்கத்திலேயே மலைச்சரிவில் திராட்சைத் தோட்டங்கள் உண்டு. அங்கே அதைப் பார்க்கவென்றே ஆட்கள் போகிறார்கள்.

ஓசூர்ச் சந்தையில் கீரைக்கட்டை எடுத்தேன். "அண்ணா, எஷ்டு பேக்கு?" என்று கன்னடத்தில் கேட்டார் விற்கிற அம்மா. நான் விழிப்பதைப் பார்த்து, "எத்தனை வேணும்ண்ணா?" என்றார். பக்கத்தில் வந்தவரிடம் அதே வேகத்தில் தெலுங்கு. மூன்று மொழியும் அவருக்குத் தாய்மொழிபோலவே வாயில் வருகிறது. எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும் இந்தப் பேச்சு அதற்குள் அடங்காது.

ஆறும் அடங்குவதில்லை. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் சுமந்துகொண்டு எல்லை தாண்டுகிறது. மழை பெய்து மதகு திறந்தால் கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக நுரை எழும்பி நிற்கும், நாற்றத்தோடு. காற்றடித்தால் பறந்து கரையோரப் பயிரில் படியும். மூக்கைப் பொத்திக்கொண்டு அதே தண்ணீரைத்தான் வயலுக்குத் திருப்புகிறார்கள். அங்கிருந்து அது கிருஷ்ணகிரி அணைக்கும் சாத்தனூருக்கும் போய், கடலூரில் கடலைச் சேர்கிறது.