தனிமை இரு வகை

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திற்கு மேற்கே, செஞ்சியை அடுத்துள்ளது திருநாதர்குன்று. அங்குச் சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு நோற்ற செய்தியைப் பழங்கல்வெட்டு ஒன்று கூறுகிறது. அத்தகைய துறவியரின் தனிமை, பற்றறுக்க வேண்டித் தாமே விரும்பி ஏற்பது.

ஆனால், மக்களை விட்டு விலகுவோர் அனைவரும் துறவியர் அல்லர். பிரிவுத்துயர், நோய், வறுமை, பிறர் ஏளனம் ஆகியவற்றால் உள்ளம் நொந்து ஒதுங்குவோரும் உளர். மீண்டும் இகழப்படுவோமோ என்னும் அச்சம் அவர்களை வீட்டினுள் அடைக்கிறது. ஒதுங்க ஒதுங்கப் பிறருடன் பழகும் ஆற்றல் குறைகிறது. அது குறையக் குறைய அச்சம் பெருகுகிறது. இதனைச் செருக்கென்று எண்ணி ஊராரும் விலகுகின்றனர்.

துறவியின் தனிமைக்கு இடையூறு செய்யலாகாது. நொந்தவர் தனிமையையோ நாடிச்சென்று போக்குதல் வேண்டும். வகுப்பில் ஒதுங்கியிருக்கும் மாணவனிடம் கூறும் ஓர் இன்சொல்லும் அதற்குத் தொடக்கமாகும்.