சபையை ‘எடுத்துக்கொள்ளும்’ பின்லாந்துக்காரர்கள்

ஒரு பாடகர் மேடையேறிய சில நிமிடங்களில் கூட்டம் முழுவதும் அவர் வசமாகிவிடுகிறது. தமிழில் “சபையைக் கட்டிப் போட்டுவிட்டார்” என்கிறோம். பின்லாந்து நாட்டு விமர்சகர் இதையே மூன்று சொற்களில் எழுதி முடித்துவிடுவார்: “ஹேன் ஒத்தி யுலெய்சொன்ஸே.” சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால், “அவர் தம் சபையை எடுத்துக்கொண்டார்” என்று வரும். அவ்வளவுதான். கயிறும் இல்லை, மயக்கமும் இல்லை.

‘ஹேன்’ என்றால் அவர். ஆண், பெண் இருவருக்கும் இந்த ஒரே சொல்தான். ‘ஒத்தி’ என்பது எடுத்தார் என்னும் இறந்தகால வினை. நம் ‘ஒத்தி வைத்தல்’ நினைவுக்கு வரலாம். ஆனால் தொடர்பு எதுவும் கிடையாது. ‘யுலெய்சொ’ பொதுமக்கள், பார்வையாளர்கள். கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ன்ஸே’ தம்முடைய என்று பொருள் தருகிறது.

இந்தத் தொடரின் உயிர் சொல்லின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. பின்னிஷ் மொழியில் ஒரு செயல் முழுமையாக முடிந்ததா, பாதியில் நிற்கிறதா என்பதைப் பெரும்பாலும் வினைச்சொல் சொல்வதில்லை. செயப்படுபொருளின் விகுதி சொல்லிவிடுகிறது. “லுயின் கிர்யன்” என்றால் புத்தகத்தைப் படித்து முடித்தேன். “லுயின் கிர்யா” என்றால் படித்துக்கொண்டிருந்தேன், முடித்தேனா என்பது வேறு கதை. வினை இரண்டிலும் ஒன்றே. சபையை எடுத்துக்கொள்ளும் தொடரில் வருவது முழுமையைக் காட்டும் வடிவம். பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தவர் உட்பட, ஒருவர் மிச்சமில்லாமல் எடுத்துக்கொண்டார் என்பது தொனி. விகுதி மாறினால் பாராட்டும் பாதியாகிவிடும்.

விகுதிகளை அடுக்கிப் பொருள் சொல்லும் இந்த முறை தமிழருக்குப் புதிதல்ல. 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது, பின்னிஷ் உள்ளடங்கிய மொழிக் கூட்டத்தோடு தமிழுக்கு உறவு உண்டு என்றே கருதினார். அந்தக் கருத்தை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. ஆனாலும் ஒரு வசதி நமக்குண்டு. குறில், நெடில், இரட்டித்த மெய் ஆகியவை அங்கேயும் பொருளை மாற்றும். ‘துலி’ நெருப்பு, ‘தூலி’ காற்று, ‘துல்லி’ சுங்கம். ஆங்கிலேயர் தடுமாறும் இந்த இடத்தைத் தமிழ் நாக்கு எளிதாகக் கடந்துவிடும்.

இதையெல்லாம் கற்பவர்கள் யார்? பிலிப்பீன்ஸிலிருந்து சென்ற தாதியர், எஸ்போ நகரில் கணினித் துறையில் இருக்கும் இந்தியர்கள் எனப் பலர். அந்நாட்டின் மக்கள்தொகை சுமார் 5.6 மில்லியன்தான். குடியுரிமை கேட்பவர் பின்னிஷ் அல்லது சுவீடிஷ் மொழித் தகுதியைக் காட்ட வேண்டும். அதற்கு வழக்கமான வழி, 6 நிலைகள் கொண்ட தேசிய மொழித் தேர்வில் 3ஆம் நிலையை எட்டுவது. தேர்வுக்கு மரபுத்தொடர் கட்டாயமில்லை என்றாலும் வேலையிடத்தில் அது இல்லாமல் முடியாது. வெளிநாட்டவர் சற்றே திணறினாலும் எதிரே இருப்பவர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார் என்பது அங்கே பலரும் சொல்லும் குறை. பொருத்தமான இடத்தில் விழும் ஒரு தொடர், உரையாடலைப் பின்னிஷ் மொழியிலேயே நிறுத்தி வைக்கும்.

பொருத்தமில்லாமல் விழுந்தால்? ‘வாயில் மாவு’ என்றொரு தொடர் இருக்கிறது, “யவுஹோத் சூஹுன்”. ‘பேச்சிழக்கச் செய்தல்’ என்ற பொருளைப் பார்த்ததும் பாராட்டு என்று தோன்றும். ஆனால் அது எதிராளியை மடக்கி வாயடைத்துவிடுவதைக் குறிப்பது. மேலாளர் அருமையாகப் பேசி இறங்கும்போது “எங்கள் வாயில் மாவைப் போட்டுவிட்டீர்கள்” என்று ஒரு புதிய ஊழியர் சொன்னால், அவர் முகம் எப்படி மாறும் என்று எண்ணிப் பாருங்கள்!

‘காலில் காலுறை சுழல்கிறது’ என்பது இன்னொன்று. ஒருவர் அழகிலோ கவர்ச்சியிலோ சொக்கிப்போன நிலை அது. நண்பர்களுக்குள் கேலியாகச் சொல்லலாம்; அலுவலகக் கடிதத்தில் எழுத முடியாது. ‘கண்ணியில் சிக்கவைத்தார்’ என்ற தொடரும் உண்டு. அது நம் ‘கட்டிப் போட்டார்’ என்பதற்கு நெருங்கிய உறவு. வேட்டைக்காரர்களின் நாடல்லவா!

சபையை எடுத்துக்கொள்வது என்றால் என்ன என்பதை 2023 யூரோவிஷன் பாட்டுப் போட்டியைக் கொண்டு எளிதாக விளக்கலாம். லிவர்பூல் நகரில் பின்லாந்தின் கேரியா பச்சை நிறக் கைச்சட்டையோடு வந்து ‘சா சா சா’ பாடலைத் தம் தாய்மொழியிலேயே பாடினார். 2006இல் அந்நாட்டுக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்த லோர்டி குழு பாடியது ஆங்கிலத்தில். கேரியாவின் மொழி அரங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புரிந்திருக்க முடியாது. இருந்தும் பொதுமக்கள் வாக்கில் 376 புள்ளிகளுடன் அவரே முதலிடம். நடுவர் குழுக்கள் தந்தது 150. மொத்தம் 526 புள்ளிகளோடு இரண்டாம் இடத்தில் நின்றார். 583 பெற்ற சுவீடனின் லொரீன் கோப்பையைக் கொண்டுபோனார்.

இந்தத் தொடரில் வருவது ‘யுலெய்சொ’ என்ற சொல்தான், நடுவர் என்பதல்ல. ஆகவே கேரியாவைப் பற்றி அதைத் தயங்காமல் சொல்லலாம், அதுவும் முழுமையைக் காட்டும் விகுதியோடு.