ஜாஸில் அக்கார்டியன் எங்கே போயிற்று?

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். ஜாஸ் என்றதும் டிரம்பெட், சாக்ஸபோன், பியானோ நினைவுக்கு வரும், அக்கார்டியன் வராது. அந்தப் பக்கமே அது போனதில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. போயிருக்கிறது, இசைத்தட்டே இருக்கிறது.

1930 ஜனவரியில் சிகாகோவில் ‘செல்லர் பாய்ஸ்’ குழு ‘வெய்லிங் ப்ளூஸ்’, ‘பேரல் ஹவுஸ் ஸ்டாம்ப்’ என்று இரண்டு பாட்டுகளைப் பதிந்தது. கிளாரினெட்டில் ஃபிராங்க் டெஷ்மேக்கர், டிரம்பெட்டில் விங்கி மனோன் என்று கில்லாடிகள். கூடவே அக்கார்டியனோடு சார்லி மெல்ரோஸ். அதே ஆண்டு டியூக் எலிங்டனின் ‘அக்கார்டியன் ஜோ’வில் கார்னெல் ஸ்மெல்சர் வாசித்தார். அது வேடிக்கைப் பாட்டு. எனக்கு மெல்ரோஸ்தான் ஒரு படி மேல்.

கான்சஸ் சிட்டியில் பென்னி மோட்டன் குழுவில் அவருடைய உறவினர் பஸ்டர் மோட்டன் அக்கார்டியன் வாசித்தார். 1929-ல் விக்டர் கம்பெனிக்குப் பதிந்த தட்டுகளில் அவரைக் கேட்கலாம். அந்த ஆண்டுதான் கவுன்ட் பேஸி பியானோவுக்கு வந்து சேர்ந்தார்.

அப்புறம் ஏன் நிலைக்கவில்லை? நம் ஆர்மோனியம் மாதிரி இதிலும் காற்றுப் பட்டு அதிரும் ரீடுதான். ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்திக்கு, ஒரு கை கட்டைக்கு. அக்கார்டியனிலோ இடது கை துருத்தியையும் இழுத்துக்கொண்டு பொத்தான்களையும் அழுத்த வேண்டும். கார்டுப் பொத்தான் ஒன்றை அழுத்தினால் ஒரு முழு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், தயாராக வந்து விழும்; அதற்குள் சுரத்தை மாற்றிப் போட வழியில்லை. பியானோவில் பத்து விரலும் பத்து விதமாக அழுத்தலாம். இங்கே எல்லாச் சுரத்துக்கும் ஒரே காற்று. ஒன்றை ஓங்கச் செய்தால் மற்றதும் சேர்ந்து ஓங்கும். ஸ்விங் என்ற துள்ளல் தாளத்துக்கு வேண்டிய குட்டிக் குட்டித் தட்டல் அதில் சுலபமாக வராது.

தாளமும் மாறிவிட்டது. 1929-ல் மோட்டன் குழுவில் டூபாவும் பாஞ்சோவும் கனமாக அடித்தன. 1932 டிசம்பரில் ‘மோட்டன் ஸ்விங்’ பதிவானபோது டூபாவின் இடத்துக்கு வால்டர் பேஜின் ஸ்ட்ரிங் பேஸ் வந்தாயிற்று. பாஞ்சோ வாசித்த லெராய் பெர்ரியே கிட்டாருக்கு மாறியிருந்தார். தாளம் லேசாகி, பேஸியின் பியானோ இடைவெளி விட்டு விளையாடுகிறது. அந்த இடைவெளியைத்தான் அக்கார்டியன் அடைத்துவிடும். அந்தப் பாட்டில் அது ஒலிக்கவே இல்லை.