ஆஸ்பத்திரியில் உப்பு நீர் ஏற்றுவது ஏன்?

வாந்தி பேதியால் ஒருவர் துவண்டு விட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். டாக்டர் இரத்தக் குழாயில் ஊசி குத்தி, நீர் ஏற்றுகிறார்.

அது வெறும் தண்ணீர் அல்ல. உப்பு கலந்த நீர். வழக்கமாக, ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு.

வெறும் தண்ணீரை ஏற்றினால் என்ன?

உயிருக்கே ஆபத்து!

ஆனால், வாடிய கீரைக்கட்டை வெறும் தண்ணீரில் வையுங்கள். விறைப்பாக நிமிர்ந்து விடும். கீரைக்கு நல்லது, இரத்தத்துக்கு ஆகாதது ஏன்?

விடை, உயிரணுவில் இருக்கிறது.

சிறு அறை

செங்கல்லால் வீடு அமைவது போல, உயிரணுக்களால் உடல் அமைந்திருக்கிறது. 1665-ம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி ராபர்ட் ஹூக், தக்கையை மெல்லியதாகச் சீவி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். தேன்கூடு போல அறைகள் தெரிந்தன. அவற்றை "செல்" என்றார். செல் என்றால் சிறு அறை. அவர் பார்த்தது, செத்துப்போன அணுக்களின் சுவர்களை!

சுவர் யாருக்கு உண்டு?

விலங்கின் அணு, செடியின் அணு இரண்டையும் மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. பெரும்பாலான அணுக்களுக்குள் உட்கருவும் இருக்கிறது.

செடியின் அணுவுக்கு, சவ்வுக்கு வெளியே கெட்டியான சுவரும் உண்டு. அது செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. பஞ்சில் நிறைந்திருப்பதும் அதுவே. அணுவுக்குள் பெரிய நீர்ப்பை இருக்கும். இலையின் அணுக்களில் பச்சையமும் உண்டு. அதுதான் வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்க உதவுகிறது.

விலங்குக்கும் மனிதனுக்கும் இந்தச் சுவர் கிடையாது. பச்சையமும் கிடையாது.

தண்ணீர் புகுந்தால்...

உப்பு குறைந்த பக்கத்தில் இருந்து, உப்பு மிகுந்த பக்கத்துக்குத் தண்ணீர் சவ்வு வழியே போகும். கீரையின் அணுவுக்குள் தண்ணீர் புகுந்ததும் அது உப்புகிறது. சுவர் அதைத் தாங்கிக் கொள்கிறது. கீரை நிமிர்கிறது.

இரத்தத்தின் சிவப்பு அணுவுக்குச் சுவர் இல்லை. வெறும் தண்ணீர் சூழ்ந்தால் உப்பி உப்பி, வெடித்து விடும்! அதனால்தான் இரத்தத்துக்கு ஏற்ற அளவில் உப்பு கலக்கிறார்கள்.

அப்படியானால், தண்ணீர் குடிப்பது ஆபத்தா? இல்லை. குடித்த நீர், குடல் வழியாகச் சிறிது சிறிதாகவே இரத்தத்தில் சேருகிறது. மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றி விடுகிறது.

நன்மையும் உண்டு

சுவர் இல்லாததால் நன்மையும் இருக்கிறது. இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் வளைந்து நெளிந்து, இரத்தக் குழாயின் இடுக்கு வழியே வெளியேறி, நோய்க் கிருமிகளை விழுங்குகின்றன.

சுவருக்குள் அடைபட்ட அணுவால் இது முடியுமா?