கண்ணாடிப் போளையும் கைத்திறனும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய ஊர்களின் மணல் ஒழுங்கைகளிலே சிறுவர்கள் குழி தோண்டிப் போளை அடிப்பது யாவரும் அறிந்த காட்சி. தமிழ்நாட்டார் கோலி என்பது இதனையே. பாடசாலை நேரத்தில் மாணவனின் சட்டைப்பையிற் கிலுகிலுக்கும் போளைகளைப் பறித்து மேசை இழுப்பறையில் இடும் ஆசிரியர் பலர். ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்ளே சுருண்டு கிடக்கும் நிற இழை அங்கே எவ்வாறு புகுந்தது என்று மாணவனிடம் வினவுவோர் மிகச் சிலர். வினவினால் நல்லதொரு பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

கண்ணாடிக்கு மூலப்பொருள் மணல். ஆனால் எல்லா மணலும் அதற்கு ஏற்றதன்று. சிலிக்கா மிகுந்த தூய வெண்மணல் வேண்டும். இலங்கையில் மாரவிலை, நாத்தாண்டியாப் பகுதிகளில் அத்தகைய மணல் உண்டு. மணலைத் தனியே உருக்க ஏறக்குறைய 1,700 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். சோடாவைக் கலந்தால் அதனிலும் குறைந்த சூட்டில் உருகும். சோடாவை மாத்திரம் கலந்தாலோ விளையும் கண்ணாடி நீரிற் கரைந்துவிடும். ஆகவே சுண்ணாம்பும் சேர்க்கப்படுகிறது. நீலத்துக்குக் கோபாற்று, சிவப்புக்குச் செம்பு, ஊதாவுக்கு மங்கனீசு என நிறங்கள் உலோகங்களால் அமைவன.

முன்னாளில் போளைகள் களிமண்ணாலும் கல்லாலும் செய்யப்பட்டன. கண்ணாடிப் போளைக்குப் பெயர்பெற்ற ஊர் ஜேர்மனியின் துரிங்கியா மலைநாட்டிலுள்ள லௌஷா. அங்கே 1597ஆம் ஆண்டில் முதற் கண்ணாடிச் சூளை எழுந்தது. 1840களின் பிற்பகுதியில் எலியாஸ் கிரைனர் என்பவர் போளைக் கத்தரி என்னும் எளிய கருவியை அமைத்தார். சூளைத் தொழிலாளி உருகிய கண்ணாடியை இரும்புக் கோலிற் திரட்டி, அதன்மேல் நிறக் கண்ணாடி இழைகளை நீளவாக்கில் ஒட்டுவார். மீண்டும் தெளிந்த கண்ணாடியால் அதனை மூடுவார். பின்பு இருவர் இரு முனைகளையும் பற்றி, முறுக்கிக்கொண்டே நீட்டுவர். நேராயிருந்த இழைகள் புரிபோற் சுழல்வது அவ்வேளையிலேதான். கயிறு திரிப்பதைக் கண்டவர்க்கு இது விளங்கும். இவ்வாறு அமைந்த தண்டின் நுனியை இளக்கி, கத்தரியின் கிண்ணத்தில் வைத்து உருட்ட, அது உருண்டையாகும். அலகு அதனைத் தண்டிலிருந்து துண்டிக்கும்.

வேலை அத்துடன் முடியவில்லை. சுடச்சுட வெளியே வைத்தால் மேற்புறம் முந்திக் குளிர்ந்து சுருங்க, உட்புறம் பின்னரே சுருங்கும். அந்த இழுபறியிற் கண்ணாடி வெடிக்கும். ஆகவே சூட்டைப் படிப்படியாகத் தணித்தே வெளியில் எடுப்பர். துண்டித்த இடங்களில் இரு முனையிலும் சிறு வடு தங்கும். கையாற் செய்த பழைய போளையை இன்றும் அந்த வடுவைக்கொண்டே இனங்காண்கின்றனர்.

அமெரிக்காவின் அக்ரன் நகரத்தவரான மார்ட்டின் கிறிஸ்ரென்சன் 1905இல் போளை செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். முதலாம் உலகப் போரில் ஜேர்மனியச் சரக்கு தடைப்படவே அமெரிக்கப் போளைகள் சந்தையைப் பிடித்தன. இக்காலத் தொழிற்சாலையில் உருகிய கண்ணாடித் துளிகள் திருகுப் பள்ளமுள்ள இரு உருளைகளிடையே உருண்டு சென்றே போளையாகின்றன. பிழையற்ற உருண்டைகள், மலிவானவை. சிறுவனுக்கு அதனால் நன்மையே. லௌஷாக் கைவினைஞர்க்கோ அது பேரிழப்பு. விசைத்தறித் துணியோடு போட்டியிட நேர்ந்த மருதமுனைக் கைத்தறியாளர்க்கு இந்த நிலை புதியதன்று.

கண்ணாடிக் கைவினையைக் காணத் துரிங்கியா வரை செல்லவேண்டியதில்லை. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன. 1945இல் மோர்ட்டிமர் வீலர் அவ்விடத்தை அகழ்ந்தார். அவ்வகைச் சிறுமணிகள் ஆபிரிக்கா முதல் கிழக்காசியா வரை கிடைத்துள்ளன. மன்னாரின் மாந்தைத் துறைமுகத்தில் 1980களில் நடந்த அகழ்வில் வெளிப்பட்ட பொருள்களிலும் கண்ணாடி மணிகள் உண்டு.

இம்மணிகளைச் செய்யும் பழைய முறை, ஆந்திராவில் திருப்பதிக்கும் காளத்திக்கும் அணித்தேயுள்ள பாப்பநாயுடுபேட்டையில் நிலைத்திருந்ததை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் நேரிற் கண்டனர். அங்கே முதன்மையான கருவி லதா என்னும் உள்ளீடற்ற நீண்ட இரும்புக் குழாய். அதன் நுனியிற் கண்ணாடியைத் திரட்டிக் கூம்பாக உருட்டுவர். குழாயினூடே ஒரு கம்பியைச் செலுத்திக் கூம்பைத் துளைப்பர். அதனைச் சூளையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருக்க, எதிர்ப்புறம் அமர்ந்த தலைமைத் தொழிலாளி இளகிய நுனியைக் கொக்கியாற் பற்றி வெளியே இழுப்பார். பின்பு கையாலேயே இழுப்பு. துளை மூடாமல், இடையில் அறாமல், ஒரே பருமனில் மணிக்கணக்காக அது தொடரவேண்டும். விரைந்து இழுத்தாற் குழல் மெலியும், தயங்கினாற் தடிக்கும். அளவுகோல் எதுவும் இல்லை. விரல்களுக்கே அளவு தெரியும்.

இழுத்த குழலைத் துண்டுகளாக்கிச் சிறுசிறு மணிகளாக வெட்டுவர். வெட்டிய விளிம்பு கழுத்தைக் கீறும் அல்லவா? எனவே மணிகளைச் சாம்பலோடு கலந்து சூடேற்றிக் கிளறுவர். சாம்பல் துளைகளை நிரப்பி அடைபடாமற் காக்கும். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் தடுக்கும். விளிம்புகள் மழுங்கியபின் சலித்து, அளவு பிரித்து, நூலிற் கோப்பர்.

இயந்திர மணிகளும் பிளாஸ்டிக் மணிகளும் கடைகளை நிறைத்தபின் இத்தொழிலின் வருவாய் சுருங்கியது. வெட்டவும் சலிக்கவும் சில நாட்களிற் பழகலாம். இழுக்கப் பழகுவதற்கோ ஆண்டுகள் வேண்டும். அத்தனை ஆண்டுகள் சூளையின் அருகே அமரப் பிள்ளைகளை எதனைச் சொல்லி அழைப்பது என்பதே இழுக்கத் தெரிந்த முதியவரின் முன்னுள்ள கேள்வி.